கிளாட்சன் பதினேழு வீட்டில் சாப்பிட்ட நாள்

எங்கள் ஏழுமடைப் பெரிய கண்மாய் கத்திரி பிறந்த அன்று காலை பதினொரு மணிக்கு உறைந்தது. இதில் ஒளித்துச் சொல்ல ஒன்றும் இல்லை, ஊரே பார்த்தது. வெயில் நூற்றியேழு டிகிரி கொளுத்திக்கொண்டிருந்தது, தார் ரோட்டில் செருப்பு ஒட்டிக்கொண்டு வந்தது, கழுத்துவரை தண்ணீரில் கிடந்த கந்தையா வீட்டு எருமைகள் நாலும் என்ன நினைத்ததோ வரிசையாகக் கரையேறி உடம்பை உதறிக்கொண்டு நின்றன, அப்போது ஏழாம் மடையிலிருந்து முதல் மடைவரை தண்ணீர் வெள்ளையாகி, கெட்டியாகி, ஒரு கொக்கு வழுக்கி விழுந்தது.

முதல் நாள் பயந்தோம். இரண்டாம் நாள் துணி துவைக்க இடமில்லாமல் போயிற்றே என்று கோபப்பட்டோம். மூன்றாம் நாள் உடைத்து மோரில் போட்டோம். மீன் குத்தகைக்காரர் குப்புறப் படுத்துக்கொண்டு, "என் கெண்டையெல்லாம் கண்ணாடிக்குள்ள போயிருச்சே" என்று அழுதார், கெண்டைகள் அவர் மூக்குக்கு நேர்கீழே சௌக்கியமாக நீந்திக்கொண்டிருந்தன. நீர்மட்டம் குறிக்க வந்த அதிகாரி அளவுக்கல்லைப் பார்த்து, நோட்டில் 'ஏழடி, கெட்டி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, எங்கள் மோரையும் குடித்துவிட்டுப் போனார். இருபத்தைந்தாம் நாள் கத்திரி முடிந்து பொழுது சாய்ந்ததும் பனி தண்ணீராகிவிட்டது, நாங்களும் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனோம். அடுத்த வருஷம் அதே நாள், அதே பதினொரு மணிக்கு மறுபடி உறைந்தது. அதற்கடுத்த வருஷம் சுற்றுவட்டாரத்தில் பதினொரு கண்மாய்கள் உறைந்தன. ஏன் என்று கேட்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள்தான், எங்களுக்கு அதற்கெல்லாம் நேரம் இருக்கவில்லை.

ஏனென்றால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒரு ஹாக்கி மட்டை கதவுக்குப் பின்னால் நிற்கும். பாம்பு வந்தாலும் அதுதான், பந்து வந்தாலும் அதுதான். கட்டாந்தரையில் புழுதி கிளப்பி ஆடிக்கொண்டிருந்த சனத்துக்கு இப்படி ஒரு வழவழப்பான மைதானத்தை வெயிலே விரித்துக் கொடுத்தால் சும்மா இருப்போமா? அரிவாள் அடிக்கிற பட்டறையில் போய் பூட்ஸுக்கு அடியில் வைக்க இரும்புப் பட்டை அடித்து வாங்கினோம், லாரி டயரை வெட்டிப் பந்துக்குப் பதிலாக வட்டு செய்தோம், விழுந்தோம், எழுந்தோம், பல்லைப் பொறுக்கினோம், மறுபடி விழுந்தோம். மூன்றே வருஷத்தில் பஞ்சாலைகள், தீப்பெட்டி ஆபீஸ்கள், எண்ணெய் மில்கள் எல்லாம் சம்பளத்துக்கு ஆள் வைத்து ஆறு பேர் ஆடும் அணிகளைக் கட்டிவிட்டன, கத்திரிக் கோப்பை பிறந்துவிட்டது, கல்யாண முகூர்த்தங்களைக்கூட ஆட்டம் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் குறித்தார்கள்.

அந்தக் கோப்பையில் பன்னிரண்டு வருஷமாக ஆடி, பன்னிரண்டு ஊருக்கு ஆடி, எந்த ஊரிலும் இரண்டாவது கத்திரியைப் பார்க்காத ஒரு மனிதர் இருந்தார். அவர்தான் ரைட் விங்கர் கிளாட்சன். உப்பளக்கரைக்காரர், ஈரக்காலோடு உப்பு வரப்பில் ஓடிப் பழகியவர், அதனால் பனியில் மற்றவர்கள் நிற்கவே தடுமாறிய காலத்தில் அவர் ஓடினார். விங்கர் என்றால் ஓரத்துக்காரன். கரையோரமாகவே ஓடி, வட்டைக் கொண்டுவந்து நடுவில் நிற்கிறவனுக்குக் கொடுத்துவிட்டு, அவன் கோல் போட்டதும் போய் அவனைக் கட்டிப்பிடித்துக்கொள்ள வேண்டும். இதை கிளாட்சன் அளவுக்கு அலுக்காமல் செய்தவர் யாரும் இல்லை.

வெளியூரிலிருந்து வருகிற கெஸ்ட் பிளேயருக்கு ஒரு வருஷ ஒப்பந்தம். பதினோரு மாதம் மில்லில் தற்காலிக வேலை, இருபத்தைந்து நாள் பனியில் ஆட்டம். இறுதி ஆட்டம் முடிந்த கையோடு மற்ற ஊர்ச் செயலாளர்கள் கரைக்கே வந்து, வேண்டிய கெஸ்ட்டைப் பேசி முடித்துக் கூட்டிப்போவார்கள். கரும்புளியம்பட்டி எண்ணெய் மில் கிளாட்சனை விட்டது முதலாளி மச்சினனுக்கு விங்கராக ஆசை வந்ததால், நாகலாறு விட்டது ஜோசியர் அவர் பேரில் எழுத்து ஒத்துவரவில்லை என்றதால், மேலச்சுனை விட்டது அந்த வருஷம் அவர்கள் கண்மாயில் உறைவதற்குத் தண்ணீரே இல்லாததால், சங்குமேடு தீப்பெட்டி ஆபீஸ் விட்டது கோப்பையை ஜெயித்துவிட்டு இனி எதற்கு இவர் என்று யோசித்ததால். ஒருவரும் அவரைத் திட்டி அனுப்பவில்லை, எல்லாரும் 'நல்ல மனுசன்' என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அதைக் கேட்டால் எங்களுக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

பதின்மூன்றாவதாக, போன வருஷம் ஜூன் மாதம், எங்கள் பஞ்சாலைக்கு வந்து இறங்கினார். முப்பத்தாறு வயது, இடது முட்டியில் துணிக்கட்டு. கூடவே மனைவி பியூலா, ஒன்பதாம் வகுப்பில் சேரவேண்டிய மகள் எப்சி. அந்தப் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்திலும் ஜன்னலோரத்து இடம் கேட்காது, எந்த அணியின் ஆட்டத்தையும் பார்க்க வராது, எப்படியும் ஒரு வருஷம்தானே என்று பேர்களைக்கூட முழுசாகத் தெரிந்துகொள்ளாது. எங்கள் ஊரில் எப்படியோ அதற்கு மனசு ஒட்டிவிட்டது. பொங்கல் முடிந்து ஒருநாள் சாயங்காலம் அப்பாவிடம் அது பேசியதை குவார்ட்டர்ஸ் வரிசை முழுவதும் கேட்டது, அந்தச் சுவர்கள் அப்படி.

"ப்பா, நா பத்தாவது இங்கனதான் எழுதுவேன். இனி எங்க கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

"அது நம்ம கையிலயா இருக்கு, எப்சி?"

"மட்டை உங்க கையிலதானப்பா இருக்கு?"

மறுநாள் காலை ஷிப்ட் மாறுகிற நேரம், கிளாட்சன் மில் கேட்டில் மேனேஜர் திருவேங்கடத்தை மறித்து நின்றார். திருவேங்கடம் எங்கள் அணிக்கும் செயலாளர், கெட்டவர் என்று சொல்ல முடியாது, ஆனால் எதையும் அடுத்த வாரம் பார்க்கலாம் என்கிற ரகம்.

"சார், எனக்கு ஒரு பெர்மனென்ட் வேலை வேணும்."

"கெஸ்ட்டுக்கு பெர்மனென்ட்டா?" திருவேங்கடம் சிரித்தார். "சரி, கப்பைக் கொண்டாங்க. அன்னைக்கே ஆர்டர் போட்ருவோம்."

எங்கள் அணி அதுவரை ஒருதடவைகூடக் கோப்பையைத் தொட்டதில்லை, அந்தத் தைரியத்தில்தான் சொன்னார். ஆனால் உள்ளே போகிற ஷிப்ட்டும் வெளியே வருகிற ஷிப்ட்டுமாக இருநூறு பேர் அதைக் கேட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அது கிளாட்சனின் ஆசையாக மட்டும் இருக்கவில்லை.

கத்திரி பிறந்தது, கண்மாய் சொன்ன நேரத்துக்கு உறைந்தது. எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. அந்த இருபத்தைந்து நாளும் கெஸ்ட் பிளேயர் தன் வீட்டில் கை நனைக்கக் கூடாது, மில் தொழிலாளர் வீடு அறுபத்தைந்திலும் முறை வைத்துத்தான் சாப்பிட வேண்டும், பகலில் ஒரு வீடு, ராத்திரி ஒரு வீடு. மீதி வீடுகளுக்கு அடுத்த வருஷம் முதல் முறை. வழக்கமாக வருகிற கெஸ்ட்டுகள் மொச்சைக் குழம்பைப் பார்த்து முகம் சுளிப்பார்கள், கருவாடா என்பார்கள், தட்டை வைத்துவிட்டு எழுந்து போவார்கள். கிளாட்சன் போட்டதைச் சாப்பிட்டார், தட்டைத் தானே கழுவினார், எந்த வீட்டில் எந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராது, எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை எல்லாம் ஞாபகம் வைத்துக்கொண்டார். ஆறு வருஷமாகப் பேசாத அண்ணன் வீட்டிலும் தம்பி வீட்டிலும் அடுத்தடுத்து சாப்பிட்டவர், "மதினி வச்ச புளிக்கொழம்பு மாதிரி வராதுன்னு உங்க தம்பி சொன்னாருண்ணே" என்று போகிறபோக்கில் ஒரு வார்த்தையைத் தள்ளிவிட்டார், ஒரே வாரத்தில் இரண்டு வீட்டுக்கும் நடுவில் கிண்ணங்கள் போய்வர ஆரம்பித்தன. பனியில் செய்ததைத்தான் தெருவிலும் செய்தார், ஓரமாகப் போய்க் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார்.

அணியும் ஜெயித்தது! நாகலாறை மூன்றுக்கு ஒன்று, மேலச்சுனையை நாலுக்கு மூன்று, கரும்புளியம்பட்டியைக் கடைசி நிமிஷத்தில் இரண்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றும் அவர் கொடுத்த வட்டு, வேறொருவர் போட்ட கோல். நாங்கள் தொண்டை கட்டி, வெந்நீர் குடித்து, மறுபடி கத்தி, இறுதி ஆட்டம்வரை வந்து சேர்ந்துவிட்டோம் என்பதை நம்ப முடியாமல் ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டோம்.

இருபத்துநாலாம் நாள் இடி விழுந்தாற்போல ஒரு செய்தி வந்தது. அடுத்த வருஷத்துக்கு மேலச்சுனையிலிருந்து இருபது வயசு விங்கர் ஒருவனைத் திருவேங்கடம் ஏற்கெனவே பேசி வைத்துவிட்டாராம். கோப்பை கிடைக்காவிட்டால் கிளாட்சனுக்கு நாளையோடு சரி. அந்தச் செய்தியைக் கேட்டு ஊரே கொதித்தது என்றாலும், அதிகம் கொதித்தது இன்னும் முறை வராத பதினேழு வீடுகள்தான். அடுத்த வருஷம் வரப்போகிற எவனோ ஒருவனுக்கா ஆக்கிப்போட இவ்வளவு நாள் காத்திருந்தோம் என்று பதினேழு வீட்டிலும் அடுப்புப் பற்றவைத்துவிட்டார்கள். நாங்கள் செய்த தப்பு அதுதான். இறுதி ஆட்டம் நாலு மணிக்கு, காலை ஆறு மணிக்கே செல்லக்கனி, மில் ஸ்பின்னிங் பகுதியில் இருபது வருஷமாக நிற்கிறவள், யாருக்கும் பயப்படாதவள், அவர் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, பதினேழு வீடு பாக்கி. ஒரு வீட்டை விட்டாலும் நாங்க ஒத்துக்கிட மாட்டம்."

கோச் தங்கமாரி, பள்ளிக்கூடத்து பி.டி. வாத்தியார், ஓடிவந்தார். "ஏ, நீங்கள்லாம் மனுசங்களா? சாயங்காலம் பைனல்! அந்த ஆளு ஓடணுமா உருளணுமா?"

"ஓடட்டும், யாரு வேண்டாம்னா? சாப்பிட்டுட்டு ஓடட்டும்."

கிளாட்சன் மறுத்திருக்கலாம், ஆனால் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். முதல் வீட்டில் இட்லியும் கறிக்குழம்பும், இரண்டாம் வீட்டில் சீரணியும் சேவும், நாலாம் வீட்டில் நாட்டுக்கோழி, ஏழாம் வீட்டில் அயிரைமீன், எட்டாம் வீட்டில் ஐயோ போதும் என்றவருக்குப் போதும் என்ற சொல் அந்த வீட்டில் கிடையாது என்று இன்னும் இரண்டு கரண்டி. தங்கமாரி பின்னாலேயே தலையில் அடித்துக்கொண்டு நடந்தார். பதினோராம் வீட்டில் கிளாட்சன் சோற்றில் கை வைத்தபடி அழுதுவிட்டார். காரம் என்றார். காரமெல்லாம் இல்லை, அது தயிர்சாதம். பன்னிரண்டு ஊரில் கெஸ்ட் என்று சோறு போட்டார்கள், எங்கள் வீட்டில் சாப்பிடவில்லையே என்று யாரும் சண்டை போட்டதில்லை, அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பிற்பகல் மூன்று மணிக்கு செல்லக்கனி வீட்டுப் பாயசத்தைக் குடித்து முடித்தபோது அவருக்கு பூட்ஸ் கயிறு கட்டக் குனிய முடியவில்லை, நாங்கள்தான் கட்டிவிட்டோம்.

எதிரே சங்குமேடு, ஐந்துமுறை கோப்பை தூக்கிய அணி. கரையில் இடமில்லாமல் வேப்பமரம், மினி லாரி, மடைச்சுவர் எல்லாம் தலைகள். அதுவரை ஒரு ஆட்டத்துக்கும் வராத எப்சி கரையோரத்தில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். விசில் ஊதியதும் சங்குமேடு ஒன்று போட்டது, நாங்கள் ஒன்று போட்டோம், அவர்கள் இரண்டு, நாங்கள் இரண்டு, மட்டைகள் ஒடிந்தன, இரண்டு பேருக்கு மூக்குடைந்தது, அந்த வெயிலில் பனித்தூள் எங்கள் முகத்தில் வந்து விழுந்தது. கிளாட்சன் இதில் எதிலும் இல்லை. பெஞ்சில் உட்கார்ந்து மேல்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அவர் இடத்தில் ஆடியவனின் இரும்புப் பட்டை மூன்று நிமிஷம் மீதி இருக்கும்போது தெறித்துவிட்டது, வேறு ஆள் இல்லை, தங்கமாரி கண்ணை மூடிக்கொண்டு, "போங்க, கிளாட்சன்" என்றார்.

கடைசி நாள் சாயங்காலம் பனி மெலிந்துகொண்டே வரும் என்பது எங்களுக்குத் தெரியும். பனி தாங்குகிற கனம் எவ்வளவு என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை. வலது கரையோரம் வட்டு அவர் மட்டைக்கு வந்தது, அவர் ஓட ஆரம்பித்தார், அவருக்குப் பின்னால் படார் என்று ஒரு சத்தம். பதினேழு வீட்டுச் சோறும் அவரோடு ஓடியதல்லவா, அவர் மிதித்த இடமெல்லாம் விரிந்தது, விரிசல் அவர் குதிகாலைத் துரத்திக்கொண்டு வந்தது. விரட்டி வந்த சங்குமேட்டுக்காரன் முதலாவதாக உள்ளே போனான், அவனைத் தாண்ட நினைத்த இன்னொருவன் அவன் மேலேயே விழுந்தான், நடுவில் வட்டுக்காகக் காத்திருந்த எங்கள் ஆள் கையைத் தூக்கி "இங்க! இங்க!" என்று கத்தியபடியே தண்ணீருக்குள் இறங்கினான்.

"நின்னுராதீக அண்ணே! நின்னா முங்கிருவீக!" செல்லக்கனியின் குரல் கண்மாய் முழுக்கக் கேட்டது. நாங்களும் கத்தினோம், அறுபத்தைந்து வீடும் கத்தியது, நின்னுராதீக, நின்னுராதீக என்று கரையோடு கரையாக நாங்களும் ஓடினோம், யார் செருப்பு யார் காலில் என்று தெரியவில்லை. கிளாட்சன் பன்னிரண்டு வருஷப் பழக்கத்தில் இடது பக்கம் திரும்பிப் பார்த்தார், கொடுக்க. ஒரு ஆள் இல்லை. எங்கள் ஐந்து பேரும் அவர்கள் ஐந்து பேரும் தண்ணீருக்குள் மட்டைகளைப் பிடித்துக்கொண்டு மிதந்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ப்பா! நீங்களே அடிங்க!"

அது எப்சி. அடித்தார். சங்குமேட்டு கோல்கீப்பர் குறுக்கே பாய்ந்தான், அவன் பாய்ந்த வேகத்தில் அவன் நின்ற பனியும் விட்டுக்கொடுத்தது, வட்டு அவன் கைக்கு ஒரு விரற்கடை மேலாகப் போய் வலையில் விழுந்தது. அதற்கடுத்த நொடி வலை, கம்பம், கோல்கீப்பர், கிளாட்சன் எல்லாரும் சேர்ந்து உள்ளே போனார்கள், ஏழடிக் கண்மாயும் ஒரே பெருமூச்சில் தண்ணீராகிவிட்டது. நாங்களும் பொத்துப் பொத்தென்று குதித்தோம். நீச்சல் தெரிந்தவன் தெரியாதவனை இழுத்தான், சேலைகளை வீசினார்கள், லாரி டியூபை உருட்டிவிட்டார்கள், இரண்டு ஊர்க்காரனும் ஒரே மட்டையைப் பிடித்துக்கொண்டு கரைக்கு வந்தான். ஒருவருக்கும் ஒரு சேதமில்லை.

சங்குமேட்டுச் செயலாளர் ராஜாமணி விடவில்லை. "ஆட்டக்காரன் பூரா தண்ணிக்குள்ள கெடக்கான், இது என்னய்யா கோலு?" என்றார். இடுப்பளவு தண்ணீரில் நின்ற நடுவர் விசிலை ஊதிப் பார்த்தார், தண்ணீர்தான் வந்தது. அவர் நிதானமான மனிதர். "வட்டு உள்ள போகும்போது அதுக்குக் கீழ ஐஸ் இருந்துச்சா இல்லையா? இருந்துச்சு. அப்ப கோலு" என்று வாயாலேயே விசிலும் அடித்து முடித்தார். நாங்கள் கத்திய கத்தில் வேப்பமரத்திலிருந்து இரண்டு பேர் தண்ணீருக்குள் விழுந்தார்கள்.

கோப்பையைத் தூக்கிக் கொண்டுபோய்த் திருவேங்கடத்தின் கையில் வைத்தோம். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரொம்ப சந்தோஷம். பெர்மனென்ட் விஷயம் மட்டும், மேலிடத்துல ஒரு வார்த்தை கேட்டுட்டு, அடுத்த வாரம்…"

செல்லக்கனி ஈரச் சேலையைப் பிழிந்துகொண்டே முன்னால் வந்தாள். அவளுக்குப் பின்னால் ஸ்பின்னிங் மொத்தமும் சொட்டச் சொட்ட நின்றது. "சார், அந்தக் கோலு எங்க வீட்டுச் சோறு. நாளைக்கு மிஷின் ஓடணுமா வேண்டாமா, அதை மட்டும் சொல்லுங்க."

திருவேங்கடம் எங்களைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார், கடைசியில் சிரித்தேவிட்டார். "நாளைக்குக் காலையில ஆறு மணி ஷிப்ட், கிளாட்சன். வர்றப்ப ஆர்டர் கையில இருக்கும்."

அந்த நேரம் பார்த்துத்தான் ராஜாமணி கிட்டே வந்தார். தோற்ற முகம் போய் வியாபார முகம் வந்திருந்தது. "கிளாட்சா, நடந்ததை மறந்திரு. நம்மூருக்கே வந்திரு. கேப்டன் நீதான். மூணு வருஷத்துக்கு எழுதித் தர்றேன்."

மூன்று வருஷம்! இந்தக் கோப்பையில் எந்த கெஸ்ட்டுக்கும் யாரும் மூன்று வருஷம் சொன்னதில்லை, அதுவும் கேப்டன் என்று. தடுக்க எங்களிடம் ஒரு மில் ஷிப்ட்டும் மொச்சைக் குழம்பும்தான் இருந்தன. கிளாட்சன் ஒரு கையால் பியூலாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலைத் தூக்கி பூட்ஸைக் கவிழ்த்தார், தண்ணீரோடு ஒரு சின்னக் கெண்டை விழுந்து துள்ளிக்கொண்டு கண்மாய்க்குள் போனது.

"மன்னிச்சுக்கிடுங்க அண்ணாச்சி," என்றார். "நாளைக்குக் காலைல எனக்கு ஷிப்ட் இருக்கு."

பியூலா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு விம்மினாள், நாங்கள் கிளாட்சனைத் தூக்க முயன்று முடியாமல் கீழே போட்டோம், மறுபடி எட்டுப் பேர் சேர்ந்து தூக்கினோம். எப்சி அதையெல்லாம் பார்க்க நிற்கவில்லை. பத்தாம் வகுப்பில் ஜன்னலோரத்து இடத்தைப் பிடித்து வைக்கவேண்டும் என்று பள்ளிக்கூடத்துப் பக்கம் ஓட்டமாக ஓடிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒரு வாரம் இருந்தது, அதைச் சொல்லி அவளை நிறுத்த எங்களில் ஒருவருக்கும் மனசு வரவில்லை.